எவ்வளவு தூரம்?



பெங்களூரு மாநகரில் வாழும் தமிழர் ஒருவரை வழியில் நிறுத்தி, "உங்கள் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐந்து மணி நேரம்" என்பார் ஒருவர். "இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் இறங்கிவிடலாம்" என்பார் மற்றொருவர். இத்தனை கிலோமீட்டர் என்று விடை கூறுபவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரோ என்பது ஐயமே. நாம் கேட்டது நீளத்தை. அவர் சொல்வது காலத்தை. கேட்டவரும் அதில் பிழை காண்பதில்லை, சொன்னவரும் காண்பதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களும், 'இரண்டு இரவு, ஒரு பகல்' என்பது போலத்தான் தத்தம் ஊரின் தூரத்தை அளந்து வைத்திருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே இருப்புப்பாதையின் நீளம் 362 கிலோமீட்டர். 1964 அக்டோபரில் பிருந்தாவன் விரைவு வண்டி ஓடத் தொடங்கியபோது அத்தூரத்தை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கடந்தது. 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் வண்டி நாலரை மணி நேர அளவில் கடக்கிறது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் நமக்கு மிச்சமானது ஓர் அரை மணி. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் குடியிருப்பவர் அந்த அரை மணியைப் போல் மூன்று மடங்கு நேரத்தை, நிலையம் வந்து சேர்வதற்குள் சாலையிலேயே செலவிட்டுவிடுகிறார். அது வேறு கதை.

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நமக்கு, தூரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நாள்தோறும் தொல்லை தரும் சொற்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் அது ஒன்றே. ஆனால் நம் மேசைக்கு வரும்போது வேறு வேறு உடை உடுத்து வருகிறது. பயணப்படி பற்றிய சுற்றறிக்கையில் வந்தால் தூரம் என்று எழுதுவோம். பல்கலைக்கழக அறிவிப்பில் வந்தால் தொலைநிலைக் கல்வி என்போம். இரண்டு பொறிகளுக்கு நடுவே விடவேண்டிய இடத்தைச் சுட்டினால் இடைவெளி என்போம். உயர் அழுத்த மின்கம்பியின் அருகே தொங்கும் பலகையாயின், 'விலகி நிற்க' என்று வினையாகவே ஆக்கிவிடுவோம். அகராதியில் இவை யாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் ஒன்றன் இடத்தில் ஒன்றை வைத்தால் பொருள் கெடுகிறது. சில வேளைகளில் மனிதர் மனமும் கெடுகிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

தூரம் என்பது வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து பல நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் சொல். கன்னடத்திலும் அது 'தூர' என்றே வழங்குகிறது. ஆனால் அதே கன்னடத்தில் 'தூரு' என்று ஒரு சொல் உண்டு; அதற்கு முறையீடு, புகார் என்று பொருள். நாம் இந்நகருக்கு வந்த புதிதில், எழுத்துக்கூட்டிக் கன்னடம் படித்துக்கொண்டிருந்த நாள்களில், காவல் நிலையச் சுவரில் அச்சொல்லைக் கண்டு, 'இவர்களுக்கு ஏன் தூரத்தைப் பற்றி இவ்வளவு கவலை?' என்று மயங்கி நின்றதுண்டு.

தமிழுக்கே உரிய சொற்களைப் பார்த்தால் சேய்மை, தொலைவு, எட்டம் என்பவை முன்வந்து நிற்கும். 'சேய்' என்பதற்குத் தூரம் என்றும் பொருள். குழந்தை என்றும் பொருள். இவை வேறு வேறு சொற்களே. ஒலியால் ஒன்றுபட்டன என்று கொள்வதே முறை. ஆயினும், பிள்ளைகளை வெளிமாநிலத்துக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் இந்த இலக்கண விளக்கத்தைச் சொல்ல நமக்குத் துணிவு வந்ததில்லை.

'தொலைவு' இன்னும் ஆழமான சொல். தொலைதல் என்றால் முடிதல், அழிதல், காணாமற்போதல். பணத்தைத் தொலைத்தான் என்கிறோம். வழி தொலையவில்லை என்கிறோம். எரிச்சல் மிகுந்தால் தொலைந்து போ என்கிறோம். கன்னடத்தில் 'தொலகு' என்றால் அகன்று போ என்று பொருள். சந்தையில் மாட்டை விரட்டுபவரும் சொல்வார், மனிதரை விரட்டுபவரும் சொல்வார். இவ்வினையிலிருந்து தூரத்துக்கு ஒரு பெயர் எவ்வாறு வந்தது? நம் கருத்து இது: நடந்து தீர்க்கவேண்டிய வழியைத்தான் முன்னோர் தொலை என்று எண்ணியிருக்க வேண்டும். கால் ஓய நடந்து நடந்து ஒரு வழியைத் தொலைக்கிறோம். தொலைக்க வேண்டியது எவ்வளவோ அவ்வளவும் தொலைவு. இது உண்மையாயின், தொலைவு என்பது நிலத்தின் மேல் கிடக்கும் பொருள் அன்று. நடப்பவனுடைய வேலையின் அளவு ஆகும்.

கடந்த நூற்றாண்டில் புதுச் சொல் ஆக்கியோர் இதனையே எடுத்துத் தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி என்று அமைத்தனர். கன்னடத்தார் தொலைபேசியைத் தூரவாணி என்றனர். நல்ல ஆக்கங்களே. ஆனால் பெங்களூருவில் பிறந்து இங்கேயே பள்ளி சென்ற நம் வீட்டுச் சிறுமி ஒருநாள், "தொலைபேசி என்றால் தொலைந்துபோன பேச்சா?" என்று கேட்டாள். சிரித்தோம். ஊரிலிருக்கும் பாட்டியிடம் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, மூன்றாவது வாக்கியத்துக்குத் தமிழ் கிடைக்காமல் கருவியை நம்மிடம் நீட்டியவள் அவள். சிரித்து முடித்த பின், அவள் கேட்டது அவ்வளவு பிழையில்லை என்று தோன்றியது.

இனி, பழந்தமிழர் தூரத்தை எதனால் அளந்தனர் என்று பார்ப்போம். குரலால் அளந்தனர்: கூப்பிடு தூரம். கண்ணால் அளந்தனர்: கண்ணுக்கெட்டிய தூரம். கையால் அளந்தனர்: கல்லெறி தூரம். எட்டுதல் என்னும் வினையே கை நீட்டித் தொடுவதைக் குறிக்கும். கைக்கு எட்டாதது எட்டத்தில் இருப்பது. இந்தக் கூப்பிடு தூரம் நமக்கு மட்டும் உரியதன்று. கன்னடச் செய்தித்தாள்களில் இன்றும் 'கூகளதெ' என்னும் சொல்லைக் காணலாம். கூகு என்பது நம் கூவு. அளதெ என்பது அளவு. கூவினால் கேட்கும் அளவு தூரம். முதன்முதலில் அச்சொல்லைப் பிரித்தறிந்த அன்று, பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த கன்னட நண்பரிடம் எழுந்து சென்று கூறினோம். அவர் தம் வாழ்நாள் முழுவதும் வழங்கிய சொல்லை அன்றுதான் பிரித்துப் பார்த்ததாகச் சொல்லி மகிழ்ந்தார். ஒரே அலுவலகத்தில் ஆறு ஆண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தும் நாங்கள் இருவரும் கூப்பிடு தூரத்துக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்ல வேண்டும்.

நெடுவழிக்குக் குரல் போதாது. அங்கே காலம் அளவுகோல் ஆயிற்று. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் செல்லும் தூரம் நாழிகை வழி. ஏழு நாழிகை வழி ஒரு காதம். ஏறத்தாழப் பத்து மைல். காதத்தைக் காவதம் என்றும் சொல்வர். கன்னடத்துக் 'காவுத' அதன் உடன்பிறப்பு. ஆகவே 'ஐந்து மணி நேரம்' என்று விடை சொல்லும் பெங்களூருத் தமிழர் புது வழக்கம் ஒன்றும் செய்துவிடவில்லை. பாட்டனார் நாழிகையால் அளந்ததை அவர் மணியால் அளக்கிறார்.

பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருட்டிணகிரி வழியே சேலம் நோக்கிச் செல்பவர்கள் தருமபுரியைக் கடந்து போயிருப்பீர்கள். அந்தப் பகுதியில் அதியமான் பெருவழி என்று பெயர் பெற்ற ஒரு பழைய பெருவழி இருந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கற்கள் அங்கே கிடைத்துள்ளன. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் அது மற்றக் கல்வெட்டுகளில் ஒன்றாகவே இருந்திருக்கும். எழுத்துக்குக் கீழே குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்: பத்துக்குப் பெருங்குழி ஒன்று, ஒன்றுக்குச் சிறுகுழி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வணிகனும் மாட்டுக்காரனும் குழிகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டு, இன்னும் இத்தனை காதம் என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டிலும் தெரிந்துகொள்ளலாம். அரசாங்க அறிவிப்பு எழுதும் தொழிலில் இருக்கும் நமக்கு அந்தக் கல்லைப் பற்றி எண்ணும்போதெல்லாம் சற்று வெட்கமாகவே இருக்கிறது. படிப்போர் யார் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சன் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

பிறகு, மனித உடம்பைச் சாராத அளவு வந்தது. அது இந்தியாவில் வேரூன்றிய கதையில் பெங்களூருவுக்கும் பங்கு உண்டு. வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி 1800-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூருவுக்கு அருகே ஏழு மைலுக்குச் சற்று மிகுந்த ஓர் அடிக்கோட்டை அளந்து பார்த்தார். பின்னர் 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் மற்றொரு கோடு. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கு நோக்கி அளந்து வந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலிதான் கருவி. வெயில் பட்டால் இரும்பு நீளும் என்பதால் அதற்குக் கூடாரம் போட்டு நிழல் அமைத்து, வெப்பமானியும் வைத்து அளந்தனர். 1804-இல் கணக்கைச் சரிபார்க்கப் பெங்களூருவுக்கு அருகே மீண்டும் ஒரு கோடு அளந்தபோது, கணக்கிட்ட நீளத்துக்கும் நிலத்தில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அந்த வேலை முடிந்தபோது, கிழக்குக் கரைச் சென்னைக்கும் மேற்குக் கரை மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று கருதியிருந்தது 360 மைலே என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் படத்திலிருந்து மறைந்துபோயிற்று. ஆனால் அந்த வழியே மாட்டுவண்டியில் சென்றவர்களுக்கு ஒரு நாழிகையும் குறையவில்லை.

அளவுகோல் மாறலாம், பழமொழிகள் தம் போக்கில் வேறு ஏதோ ஒன்றை அளந்துகொண்டிருக்கின்றன. 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்கிறோம் நாம். 'தூரத மலை கண்ணுக்கு வழவழப்பு' என்னும் பொருளில் கன்னடத்தார் 'தூரத பெட்ட கண்ணிகெ நுண்ணகெ' என்கின்றனர். நம்மவர் வயலைப் பார்த்தனர். அவர்கள் மலையைப் பார்த்தனர். 'எட்ட இருந்தால் கிட்ட உறவு. கிட்ட இருந்தால் முட்டப் பகை' என்று இன்னொன்று நம்மிடம் உண்டு. தூரம் ஒரு குறை மட்டும் அன்று, சில உறவுகளுக்கு அதுவே மருந்து என்று அதைச் சொன்னவர் அறிந்திருந்தார். மன்னரைச் சேர்ந்து வாழ்வோர் தீக்காய்பவரைப் போல் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதும் இதுவே. அதை நாம் அலுவலகத்தில் நாள்தோறும் கடைப்பிடித்து வருகிறோம், மேலதிகாரிகள் மன்னிக்க.

வள்ளுவர் பெயரைச் சொன்னதும் அல்சூர் ஏரி நினைவுக்கு வருகிறது. 1991-ஆம் ஆண்டு அமைந்த அவருடைய சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே நின்று, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் இரு நகரங்களுக்கும் இடையே ஓடிய வண்டிகள் ஒரு நாளும் 362 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. இருந்தும் எவ்வளவு தூரம் ஆயிற்று என்று அந்நாளில் இங்கு வாழ்ந்த தமிழரைக் கேட்டால் சொல்வர்.

இப்போது, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருவோம்.

2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது, மனிதர் ஒருவர்க்கொருவர் நெருங்கி நிற்கலாகாது என்னும் ஆணை உலகெங்கும் ஒரே ஆங்கிலத் தொடரில் வந்தது. அத்தொடரில் 'சமூகம்' என்னும் பொருள் தரும் சொல் இருந்தது. அது பொருந்தாது, உடலளவில்தான் விலகல் வேண்டும், உறவில் வேண்டியதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் கருத்துக் கூறிற்று. ஆனால் அதற்குள் பழைய தொடர் ஊரெல்லாம் பரவிவிட்டது. தமிழில் 'சமூக இடைவெளி' என்றும் 'சமூக விலகல்' என்றும் அது பெயர்ந்தது. கன்னடத்தில் 'சாமாஜிக அந்தர' என்று ஆயிற்று. ஆறடி இடைவெளி என்று எழுதியோரும் உண்டு. தமிழனுக்கு ஆறடி என்றதும் எந்த நிலம் நினைவுக்கு வரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

நம் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒப்பந்தப் பணியாளர் பலர் தமிழ் பேசுவோர். ஆதலால் கன்னடம், இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் ஓர் அறிவிப்பு வேண்டும் என்றனர். நாம்தான் பெயர்த்தோம். 'சமூக விலகலைக் கடைப்பிடிப்பீர்' என்று எழுதிக் கொடுத்தோம். பதினைந்து நிமிட வேலை. குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள், கூட்டிப் பெருக்கும் மூதாட்டி ஒருவர் அதன் முன் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்தவர். நம்மைக் கண்டதும், "ஐயா, இதை எழுதினது நீங்களாமே?" என்றார். ஆம் என்றோம். "விலகல்னா எங்களுக்குப் புதுசு இல்லீங்க. எங்க தாத்தாவைத் தெருவுல கண்டா விலகிப் போன்னுதான் சொல்லுவாங்களாம். அது எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். இப்போ சர்க்காரே எழுதி ஒட்டிடுச்சா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நம் விடைக்காகக் காத்து நின்றார்.

நோய்க்காக என்று சொன்னோம். எல்லோருக்கும் பொது என்று சொன்னோம். "எல்லாருக்கும்னா சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நமக்குத்தான் சரியாகவில்லை.

இந்நாட்டில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே இத்தனை அடி என்று அளந்து வைத்த காலம் நெடுங்காலத்துக்கு முந்தியது அன்று. கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் தீண்டல் பலகை என்றே பெயர் பெற்ற பலகைகள் நின்றன. இன்னார் இதற்கு அப்பால் வரலாகாது என்பது அவற்றின் செய்தி. 1924 மார்ச்சு 30 அன்று அங்கே அறப்போர் தொடங்கியதும், ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்ததும் நேயர்கள் அறிந்தவை. வீட்டுக்குள்ளும் தூரம் உண்டு. மாதவிலக்கான பெண்ணைத் 'தூரம்' என்று சொல்லிப் புறத்தே அமர்த்திய வழக்கம் நம் பாட்டிமார் காலத்துச் செய்தி மட்டுமா? இத்தனையும் அறிந்த நாம், விலகல் என்னும் சொல்லை எழுதும்போது ஒன்றையும் நினைக்கவில்லை. அகராதி சரியாக இருந்தது. பலகையும் அதே உயரத்தில்தான் இருந்தது. அதன் கீழே நிற்பவர் யார் என்பதைத்தான் மறந்தோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கல்தச்சன் மறக்காததை மறந்தோம்.

மறுநாள் வேறு ஒரு வாசகம் எழுதினோம்: 'ஒருவருக்கொருவர் இரண்டு கை நீளம் இடம் விட்டு நிற்போம்.' 'நிற்பீர்' என்று எழுதவில்லை. 'நிற்போம்' என்று எழுதினோம். இதற்கு ஒப்புதல் பெற நான்கு நாள் ஆயிற்று. முன்னையது சுருக்கமாக இருந்ததே, இது ஏன் நீள்கிறது என்று கோப்பில் ஒரு குறிப்பு வந்தது. கை நீளம் என்பது முறையான அளவா என்று இன்னொரு குறிப்பு. காவலாளி இருவரைக் கை நீட்டி நிற்கச் சொல்லி நாடாவால் அளந்து, இவ்வளவு அங்குலம் என்று எழுதிக் கொடுத்தோம். பலகை மாறிற்று. மூதாட்டி அதைப் படித்தாரா என்று நமக்குத் தெரியாது. அதற்குள் ஒப்பந்தம் மாறி, அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வாண்டின் நடுவிலேயே நம் தந்தையார் இயற்கை எய்தினார். நோய்த் தொற்றால் அன்று, முதுமையால். எங்கள் சிற்றூர் திருவண்ணாமலைக்குக் கிழக்கே இருக்கிறது. பெங்களூருவிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நல்ல நாளில் ஐந்து மணி நேரம்.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரு சாவு என்றால், முதலில் எழும் கேள்வி, பிள்ளைகள் எத்தனை மணிக்குள் வருவார்கள் என்பதே. அதைக் கொண்டே எடுக்கும் நேரத்தைக் குறிப்பார்கள். முன்பு தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிற்பதற்கு வெகு காலம் முன்பே கைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது பெரியவர்கள் வாசலில் அமர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, "எங்கே வருகிறானாம்?" என்று கேட்பார்கள். யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. "ஓசூர் தாண்டியாயிற்று", "கிருட்டிணகிரி", "ஊத்தங்கரை வந்துவிட்டான்" என்று ஊர்ப் பெயர்களே விடை. தில்லியிலிருந்து வருபவருக்குப் போபால், நாகபுரி, விசயவாடா என்று அது நீளும்.

அன்று விடியற்காலை அண்ணன் பேசினார். மாநில எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். விண்ணப்பித்தோம். அத்திப்பள்ளிச் சாவடிக்கு அருகே வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தோம். தமிழ்நாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஓசூர் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நண்பகலுக்குப் பின்னரே சீட்டு வந்தது. வழியெங்கும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி அதுவரை ஓடாத வேகத்தில் ஓடிற்று. கூட்டம் கூடலாகாது, பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஊரில் கட்டளை. அண்ணன் தம்மால் இயன்றவரை நேரத்தைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

நாங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது வாசல் கழுவியிருந்தது. அண்ணன் வந்து தோளைத் தொட்டார். "நீ செங்கத்தில் இருக்கும்போது எடுத்தோம், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. செங்கத்திலிருந்து எங்கள் வீடு ஒரு மணி நேரம்.

தாயார் இன்றும் அவ்வூரிலேயே இருக்கிறார். பெங்களூருக்கு வரும்படி அழைத்தால், "உன் ஊர் எனக்குத் தூரம்" என்பார். அவர் ஊரிலிருந்து இவ்வூர் எவ்வளவோ, இவ்வூரிலிருந்து அவ்வூரும் அவ்வளவுதானே என்று சொல்லிப் பார்த்தோம். அவருடைய கணக்கு அவ்வாறு இல்லை. நாம் புறப்படும்போது 'போகிறேன்' என்று சொன்னால் பொறுக்கமாட்டார். 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே நம் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரும் 'ஹோகி பர்த்தினி' என்றே விடைபெறுவார். அதற்கும் அதுவே பொருள்.

இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். வழியில் தாயாரிடமிருந்து ஒரே ஒரு முறை தொலைபேசி அழைப்பு வரும். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கமாட்டார். இன்னும் எவ்வளவு தூரம் என்றும் கேட்கமாட்டார். "செங்கம் தாண்டிவிட்டாயா?" என்பார். தாண்டிவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் உலை வைப்பார்.